மிஷின் மிச்சம் பிடித்த நேரம் எங்கே போகிறது?

அரசலாறு (கும்பகோணம்)

ஆற்றின் பெயரில் எழுதும் நண்பர்களே, மூன்றாமாண்டு பொருளாதார வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வியை அப்படியே இங்கே வைக்கிறேன். "சார், வயல்ல மிஷின், ஆபீஸ்ல கம்ப்யூட்டர், கையில போன். எல்லாம் வேகமாத்தானே நடக்குது? அப்புறம் எப்படி உற்பத்தித்திறன் வளர்ச்சி குறையுதுன்னு சொல்றீங்க?" பாதிப் பதில்தான் சொன்னேன், மணி அடித்துவிட்டது. மீதிப் பாதி எனக்கே முழுசாகத் தெரியவில்லை.

கணக்கு இதுதான். ஒரு ஆள் ஒரு மணி நேரம் உழைத்தால் எவ்வளவு மதிப்புக்குப் பொருளோ சேவையோ கிடைக்கிறது என்பது உழைப்பின் உற்பத்தித்திறன். அமெரிக்காவில் 1947 முதல் 1973 வரை இது ஆண்டுக்கு ஏறத்தாழ 2.8 சதவீதம் வளர்ந்தது. அதன்பின் 1995 வரை பாதிதான். இணையம் பரவிய காலத்தில், 1995 முதல் 2004 வரை, மறுபடி 3 சதவீதத்தை நெருங்கியது. பிறகு திரும்பவும் ஒன்றரைக்கு இறங்கிவிட்டது. பிரிட்டனில் 2008க்கு முன் சுமார் 2 சதவீதம், அதற்குப் பின் அரை சதவீத அளவு. சின்ன வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். 2.8 என்றால் 25 ஆண்டில் இரட்டிப்பு, 1.4 என்றால் 50 ஆண்டு. அப்பன் காலத்தில் வரவேண்டிய வசதி பிள்ளை காலத்துக்குத் தள்ளிப்போகிறது.

கணினி யுகம் எங்கே பார்த்தாலும் தெரிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் தெரியவில்லை என்று பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ 1987லேயே எழுதினார். உங்கள் அனுபவத்தில் காரணம் என்ன? பாடப்புத்தகப் பதில் வேண்டாம், அது என்னிடமே இருக்கிறது.


குடமுருட்டி (திருவையாறு, இப்போது பெங்களூரு)

சார், என் பதில் ஒரே வரிதான். பெரிய கண்டுபிடிப்புகள் ஒரு தடவைதான் வரும்.

ராபர்ட் கோர்டன் என்ற பொருளாதார அறிஞர் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். மின்சாரம், பெட்ரோல் எஞ்சின், வீட்டுக்குள் வந்த குழாய்த் தண்ணீரும் சாக்கடையும், ரசாயனமும் மருந்தும், தொலைபேசி முதலான தகவல் தொடர்பு. இவை எல்லாம் சேர்ந்துதான் 1870க்குப் பிறகான நூறு ஆண்டைத் தூக்கி நிறுத்தின. அவர் கேட்கும் கேள்வி ஒன்று: 2002 வரை வந்த கருவிகள் அத்தனையும், கூடவே வீட்டுக்குள் தண்ணீரும் கழிப்பறையும் ஒரு பக்கம். அதற்குப் பிறகு வந்த எல்லாமும் சேர்த்து, ஆனால் தண்ணீரும் கழிப்பறையும் வீட்டுக்கு வெளியே என்பது இன்னொரு பக்கம். எதை எடுப்பீர்கள்? காலையில் இரண்டு நடை, சாயங்காலம் இரண்டு நடை ஆற்றிலிருந்து இடுப்பில் குடம் சுமந்த என் அம்மாவிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை.

நம்ம ஊரிலேயே பாருங்கள். கல்லணை. 1836இல் முக்கொம்பில் மேலணை. 1934இல் மேட்டூர், அதோடு சேர்ந்து புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கத்து மேட்டு நிலமெல்லாம் நெல் வயலானது அப்போதுதான். மேட்டூரை இன்னொரு தடவை கட்டி இன்னொரு தடவை அதே லாபத்தைப் பார்க்க முடியுமா? எளிதில் கைக்கெட்டிய பழத்தை நம் தாத்தா தலைமுறை பறித்துவிட்டது. இப்போது செய்வது வாய்க்கால் தூர்வாருவது மாதிரி. செய்யத்தான் வேண்டும், ஆனால் அதனால் புதிய ஆறு பிறக்காது.


வெண்ணாறு (நீடாமங்கலம் பக்கம்)

சார், நான் படிச்சது பத்தாவது. நாலு வேலி குடும்பம், பாகம் பிரிஞ்சு இப்ப என் பங்கு பதினெட்டு மா, அதாவது ஆறு ஏக்கர். அதுல பாத்ததை மட்டும் சொல்றேன்.

என் சின்ன வயசுல ஒரு ஏக்கர் அறுக்க கருக்கரிவாளோட இருபது பேர் கிட்ட இறங்கணும். அறுத்து அரியாப் போட்டு, காய்ஞ்சு, கட்டு கட்டி, தலைச்சுமையா களத்துக்குக் கொண்டாந்து, கட்டடிச்சு, வைக்கோலைப் பரப்பி மாடு கட்டிப் போரடிச்சு, காத்து வர்ற நேரம் பாத்துத் தூத்தி, மூட்டை பிடிக்க ஒரு வாரம் ஆயிடும். இப்ப செயின் வண்டி இறங்குனா ஒரு ஏக்கர் ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனா ஒன்றரை. அறுத்து, அடிச்சு, தூத்தி, நெல்லை டிப்பர்ல கொட்டிடுது. நாங்க டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள மூணு மா முடிஞ்சுடும்.

சரி, நெல்லு வந்துடுச்சு. பணம் வந்துடுச்சா?

போன குறுவையில என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். புரட்டாசிக் கடைசி. மேட்டூர் தண்ணி ஒரே நாள்ல திறக்குறாங்க, ஒரே வாரத்துல எல்லாரும் நடுறோம், எல்லாம் ஒரே வாரத்துல பழுக்குது. ஆள் அறுப்புக் காலத்துல ஆள் கிடைக்கிறதைப் பொறுத்து ஒவ்வொருத்தரா அறுப்போம், இருபத்தஞ்சு நாள் இழுக்கும். அதனால நெல்லு சிறுகச் சிறுக வந்துச்சு. இப்ப பத்து வண்டி வந்து நாலே நாள்ல மொத்த கிராமத்தையும் அறுத்துட்டுப் போயிடுச்சு. கொள்முதல் நிலையத்துல அதே ஒரு தராசு, அதே ரெண்டு தூத்துற மிஷின், அதே சுமை தூக்குற ஆளுங்க. சாக்கு வரல. சாக்கு வந்தா லாரி வரல. லாரி வந்தா கிடங்குல இடமில்ல.

என் நெல்லு ரோட்டோரம் பதினோரு ராத்திரி கிடந்துச்சு. ஈரப்பதம் 17க்குள்ள இருக்கணும். முதல் நாள் வச்சுப் பாத்தப்ப 18. காலால தள்ளி, கிளறிக் காய வச்சோம். மறுநாள் மழை. தார்ப்பாய் போட்டு மூடுனா அடியில புழுங்கும், திறந்தா நனையும். என் வீட்டம்மா பகலெல்லாம் நெல்லைக் காலால உழுது உழுது பாதம் வெடிச்சுப் போச்சு. நான் ராத்திரி காவல். அஞ்சாம் நாள் குவியலுக்குள்ள கையை விட்டா சூடு. மேல் நெல்லு தங்கம் மாதிரி இருக்கு, அடி நெல்லுல முளை வெள்ளையா நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

மிஷின் எனக்கு ஆறு நாள் மிச்சம் பண்ணுச்சு. ரோடு பதினோரு நாளை வாங்கிக்கிச்சு. சார் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். ஒரு இடத்துல மிச்சமாகுற நேரம் அடுத்த இடத்துல காத்துக் கிடக்குறதுல கரையுது. கண்டுபிடிப்பு இல்லாம போகல தம்பி, கண்டுபிடிப்பு வந்த பிறகும் சுத்தியிருக்குறது மாறல.


குடமுருட்டி

அண்ணே, படித்துவிட்டு மனசு கனத்துப் போச்சு. ஆனால் வாதத்தில் ஒத்துக்க முடியவில்லை. மன்னிக்கணும்.

கொள்முதல் நிலையத்தில் இடம் இல்லாதது நம்ம ஊர் நிர்வாகக் குறை. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் ஒரே சமயத்தில் வேகம் குறைந்ததற்கு அது எப்படிக் காரணமாகும்? அங்கே தானியக் கிடங்கு உண்டு, உலர்த்தும் மிஷின் உண்டு, யாரும் நெல்லை ரோட்டில் கொட்டவில்லை. அப்படியும் 1973க்குப் பிறகு வேகம் பாதியானது. அப்போது கச்சா எண்ணெய் விலை ஏறியதுதான் காரணம் என்றார்கள். 1980களின் நடுவில் எண்ணெய் விலை விழுந்தது, வளர்ச்சி திரும்பவில்லை. இத்தனை நாட்டில் ஒன்றாக நடந்தால் காரணமும் எல்லோருக்கும் பொதுவானதாக இருக்க வேண்டும். பொதுவானது தொழில்நுட்பம் மட்டும்தான்.


அரசலாறு

குடமுருட்டி, வெண்ணாறு ஐயா சொன்னதை நிர்வாகக் குறை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் தன் வயலில் பார்த்ததும், பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்றாளர் 1990இல் மின்சாரத்தைப் பற்றி எழுதியதும் ஒன்றுதான்.

எடிசன் நியூயார்க்கில் மின் நிலையம் தொடங்கியது 1882. 1900இல்கூட அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயந்திர சக்தியில் மின் மோட்டாரின் பங்கு 5 சதவீதத்தைத் தொடவில்லை. உற்பத்தித்திறன் பாய்ந்தது 1920களில். நடுவில் நாற்பது ஆண்டு என்ன ஆயிற்று? பழைய ஆலையில் ஒரே ஒரு பெரிய நீராவி எஞ்சின். அதிலிருந்து கூரையோரமாக நீண்ட இரும்புத் தண்டு, தண்டிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் தோல் பட்டை. சக்தி தூரம் போகாது என்பதால் ஆலையை மாடி மாடியாக, நெருக்கமாகக் கட்டினார்கள். மின்சாரம் வந்ததும் முதலில் செய்தது, நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு அதே இடத்தில் பெரிய மோட்டாரை வைத்தது. தண்டும் பட்டையும் மாடியும் அப்படியே. கொஞ்சம் நிலக்கரி மிச்சம், அவ்வளவுதான். ஒவ்வொரு மிஷினுக்கும் தனி மோட்டார் வைக்கலாம், அப்படி வைத்தால் ஆலையை ஒரே தளமாகப் பரப்பி, பொருள் நகரும் வரிசையில் மிஷின்களை வைக்கலாம் என்று புரிந்து, அப்படிப் புது ஆலை கட்டின பிறகுதான் பலன் வந்தது.

வெண்ணாறு ஐயா ஊரில் செயின் வண்டிதான் அந்த மோட்டார். கொள்முதல் நிலையமும் சாக்கும் லாரியும் இன்னும் கருக்கரிவாள் காலத்துக் கணக்கில் இருக்கின்றன. உலர்த்தியும் மொத்தமாக நெல்லைக் கொட்டி வைக்கும் கலனும் இருந்தால் கதை வேறு. ஆக, இது நம்ம ஊருக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்க அலுவலகத்தில் கணினிக்கு நடந்ததும் இதுவே.


வெட்டாறு (நாகூர் பக்கம், வேளாண் கல்லூரி மாணவன்)

நான் குடமுருட்டி அண்ணன் பக்கம், ஆனால் வேறு காரணத்துக்காக. பழம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பழம் உச்சாணிக் கிளைக்குப் போய்விட்டது, ஏற ஆள் அதிகம் தேவைப்படுகிறது என்பேன்.

கணினிச் சில்லில் டிரான்சிஸ்டர் எண்ணிக்கை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது அல்லவா? அந்த ஒரு இரட்டிப்புக்கு 1970களின் தொடக்கத்தில் தேவைப்பட்டதைப் போல 18 மடங்குக்கும் மேல் ஆராய்ச்சியாளர்கள் இப்போது தேவை என்று 2020இல் ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி. அறிஞர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். புது எண்ணத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது.

எங்கள் துறையிலேயே இதைப் பார்க்கலாம். 1960இல் தஞ்சாவூர் மாவட்டத்தைத் தீவிர விவசாயத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1966இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல் ரகம் வந்தது. அதுவரை உரம் போட்டால் பயிர் உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும். குட்டை ரகம் சாயாது, போட்ட உரமெல்லாம் கதிருக்குப் போகும். மகசூல் பாய்ந்தது அந்த ஒரு குணத்தால். அதற்குப் பிறகு? 1970களில் புகையான் பூச்சி வந்து வயல் வயலாகக் காய்ந்தது. 1973இல் அதைத் தாங்கும் ஐ.ஆர். 26 வந்தது. இரண்டு மூன்று ஆண்டில் பூச்சி அதையும் பழகிக்கொண்டது. 1976இல் ஐ.ஆர். 36. இப்படி ஐம்பது ஆண்டாக நடக்கும் ஓட்டத்தில் வயது குறைந்தது, நோய் எதிர்ப்பு வந்தது, அரிசித் தரம் கூடியது. ஆனால் ஒரு போகத்தில் ஒரு ஹெக்டேரில் அதிகபட்சம் எவ்வளவு விளையும் என்ற எல்லை, கலப்பின ரகத்தை விட்டுப் பார்த்தால், ஐ.ஆர். 8 தொட்ட இடத்திலிருந்து பெரிதாக நகரவில்லை. ஆராய்ச்சியில் பெரும்பங்கு இருப்பதைக் காப்பாற்றுவதற்கே செலவாகிறது. இதை ஆடுதுறை நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் நடக்கும்போதெல்லாம் நினைப்பேன். அங்கே உழைப்பவர்கள் சோம்பி இருக்கவில்லை. நிற்கிற இடத்தில் நிற்கவே ஓடவேண்டியிருக்கிறது.


வெண்ணாறு

தம்பி நல்லா சொல்லிச்சு. ஆனா ஒண்ணு, நீ சொல்றது ஏக்கருக்கு எத்தனை மூட்டைங்குற கணக்கு. சார் கேட்டது ஒரு ஆளோட ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மூட்டை. ரெண்டும் வேற. எங்கப்பா காலத்துக்கும் எனக்கும் ஏக்கர் கணக்குல அப்படி ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்ல. ஆள் கணக்குல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அறுப்புல பத்துல ஒரு பங்கு ஆள்கூட இப்ப வேண்டாம். அந்தக் கணக்குப்படி வயல்ல உற்பத்தித்திறன் ஏறியிருக்கணுமா இல்லையா?


அரசலாறு

ஏறியிருக்கிறது ஐயா, சந்தேகமே இல்லை. வெட்டாறு, அவர் திருத்தியது சரி. விளைச்சல் வேறு, உழைப்பின் உற்பத்தித்திறன் வேறு. என் மாணவர்களில் பாதிப் பேர் தேர்வில் தவறுவது இந்த இடத்தில்தான்.


பாமணி (மன்னார்குடி)

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வெண்ணாறு அண்ணன் சொன்ன அந்த இருபது பேரைப் பற்றி யாரும் பேசவில்லையே. அவர்கள் எங்கே போனார்கள்?

என் அம்மா அந்த இருபதில் ஒருத்தி. நடவு, களை, அறுப்பு என்று வருஷத்தில் பாதி நாள் வேலை இருக்கும். வண்டி வந்த பிறகு அறுப்பு போச்சு. நேரடி விதைப்பு பரவின இடத்தில் நடவும் போச்சு. மிச்சம் இருந்தது நூறு நாள் வேலை, அதுவும் கிடைத்த நாளில். ஆண்கள் திருப்பூர் போனார்கள், சிங்கப்பூர் போனார்கள், சிலர் லோன் போட்டு ஆட்டோ வாங்கினார்கள். எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் பதினான்கு ஆட்டோ நிற்கிறது. சவாரி முன்பு ஐந்து ஆட்டோவுக்கு இருந்த அதே சவாரிதான். வயலில் ஒரு மணி நேரத்துக்கு மதிப்பு ஏறியது உண்மை. வயலை விட்டு வந்தவருடைய ஒரு மணி நேரத்துக்கு மதிப்பு இறங்கியதே, அதை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்? ரெண்டையும் கூட்டித்தானே நாட்டின் கணக்கு?

நான் நர்ஸ். நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் கதையும் சொல்கிறேன். முன்பு நோயாளியின் கால்மாட்டில் ஒரு அட்டை தொங்கும், பிரஷர் பார்த்ததும் அதில் எழுதுவோம். இப்போது அட்டையில் எழுதுகிறோம், கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம், டாக்டர் குழுவுக்குப் போனில் அனுப்புகிறோம். ஒரே எண் மூன்று தடவை. அட்டையை எடுத்துவிடலாமே என்று கேட்டால், கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் என்ன செய்வது என்கிறார்கள். சார் சொன்ன இரும்புத் தண்டு எங்கள் வார்டிலும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.


அரசலாறு

பாமணி அம்மா, நீங்கள் கேட்டது இந்த விவாதத்தின் மையக் கேள்வி. நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டியது.

1960களில் பொருளாதார அறிஞர் வில்லியம் பாமல் சொன்னது: சில வேலைகளில் நேரத்தைக் குறைக்கலாம், சில வேலைகளில் நேரமே பொருள். நம்ம ஊர் உதாரணம் சொல்கிறேன். முகூர்த்தத்துக்கு நாகஸ்வரம் வாசிக்க இரண்டு பேர், தவிலுக்கு இரண்டு பேர், தாளத்துக்கு ஒருவர். நூறு ஆண்டு முன்பும் அதே ஐந்து பேர், அதே ஒரு மணி நேரம். தோடியை இருமடங்கு வேகத்தில் வாசித்து உற்பத்தியைக் கூட்டினேன் என்று யாரும் சொல்ல முடியாது. நரசிங்கன்பேட்டையில் பழைய வீடுகளில் கழற்றிய ஆச்சா மரத்தைக் கடைந்து துளையிடும் கைக்கும் அவசரம் தெரியாது. ஆனால் அவர்கள் சம்பளமும் மற்ற தொழிலோடு சேர்ந்து ஏறித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தொழிலுக்கு ஆளே வராது. வேகமாகும் தொழில்களில் பொருள் மலிந்து, ஆட்கள் வெளியேறுகிறார்கள். வேகமாக்க முடியாத தொழில்களில் ஆட்கள் சேருகிறார்கள்: மருத்துவம், கல்வி, முதியோர் பராமரிப்பு, சமையல், பாதுகாப்பு. சராசரி தானாகவே மெதுவாகிறது. பணக்கார நாடுகளின் வேகக் குறைவில் ஒரு பகுதி இது.

நம் நாட்டில் இன்னொரு படி கீழே. உழைப்பாளிகளில் ஏறக்குறைய 45 சதவீதம் பேர் விவசாயத்தில், அதிலிருந்து வரும் வருமானமோ மொத்தத்தில் சுமார் 18 சதவீதம். கொரோனா காலத்தில் விவசாயத்தில் இருப்போர் பங்கு 2018-19இல் இருந்த 42.5இலிருந்து 2020-21இல் 46.5 சதவீதமாக ஏறியது. வெளியே போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஆறு பின்னோக்கி ஓடினது மாதிரி.


பாமணி

சார், பாமல் சொன்னதைப் பலரும் நோய் என்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். அந்தப் பெயர் எனக்கு வலிக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் பயந்து போன ஒரு கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்தால் அது என் வேலையின் குறை இல்லை, அதுதான் வேலை. அந்தப் பத்து நிமிஷத்தைக் குறைக்க வேண்டாம். ஒரே எண்ணை மூன்று தடவை எழுதும் பத்து நிமிஷத்தைக் குறையுங்கள். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால், குறைக்கச் சொல்கிறவர்கள் எப்போதும் முதல் பத்து நிமிஷத்தைத்தான் குறைக்கிறார்கள்.


குடமுருட்டி

அக்கா சொன்னதை முழுக்க ஏற்கிறேன். இந்தப் பிரிவினையை நான் யோசித்ததில்லை.

ஒன்று கேட்கிறேன் சார். ஒருவேளை வளர்ச்சி குறையவே இல்லை, அளக்கத் தெரியவில்லை என்று இருக்கலாமா? என் போனில் வரைபடம், கேமரா, அகராதி எல்லாம் இலவசம். இலவசமானது நாட்டு வருமானக் கணக்கில் ஏறாதே.


அரசலாறு

ஓரளவு உண்மை, ஆனால் அளவு போதாது. சாட் சிவர்சன் என்ற பொருளாதார அறிஞர் 2017இல் கணக்கிட்டார். 2004க்குப் பின் அமெரிக்காவில் வேகம் குறையாமல் இருந்திருந்தால் 2015இல் ஆண்டு உற்பத்தி சுமார் 3 லட்சம் கோடி டாலர் கூடுதலாக இருந்திருக்கும். இலவச சேவைகளின் மதிப்பை எவ்வளவு தாராளமாகப் போட்டாலும் அந்தப் பள்ளம் நிரம்பவில்லை. தவிர, தகவல் தொழில்நுட்பம் அதிகம் உள்ள நாடு, குறைவாக உள்ள நாடு என்ற வித்தியாசம் இல்லாமல் வேகம் குறைந்திருக்கிறது. அளவுகோலின் பிழை என்றால் அப்படி இருக்காது.


புது ஆறு (பட்டுக்கோட்டை)

சின்ன ரைஸ் மில் வைத்திருக்கிறேன். நீங்கள் எல்லாம் புது யோசனை வருகிறதா இல்லையா என்று பேசுகிறீர்கள். வந்த யோசனை யார் கைக்குப் போகிறது என்று பேசுங்கள்.

பெரிய மில்லில் கருப்பு அரிசியைக் கேமரா பார்த்துக் காற்றால் ஊதித் தள்ளும் கலர் சார்ட்டர் இருக்கிறது. வேகவைப்பது, உலர்த்துவது எல்லாம் பொத்தானில். என் மில்லில் இன்னும் சிமெண்ட் களத்தில் வெயிலை நம்பிக் காய வைக்கிறேன். கலர் சார்ட்டர் கேள்விப்படாதவன் அல்ல நான், கண்காட்சியில் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தவன். ஆனால் அந்த மிஷினுக்குத் தீனி போட வருஷம் முழுக்க நெல் வேண்டும், நெல் வாங்கி வைக்க முதல் வேண்டும், முதலுக்கு வங்கியில் சொத்து காட்ட வேண்டும். ஒவ்வொரு படியிலும் சின்னவன் நின்றுவிடுகிறான்.

என் மகள் எம்.பி.ஏ. படிக்கிறாள். பணக்கார நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு போட்ட கணக்கு ஒன்றைக் காட்டினாள். 2001 முதல் 2013 வரை உலகின் முன்னணி 5 சதவீத உற்பத்தி நிறுவனங்களில் உற்பத்தித்திறன் ஆண்டுக்கு 2.8 சதவீதம் ஏறியிருக்கிறது. மற்ற அத்தனை பேருக்கும் 0.6. முன்னால் போகிற வண்டி நிற்கவில்லை. பின்னால் வருகிற வண்டிக்குத்தான் பாதை இல்லை. குடமுருட்டி தம்பி, கண்டுபிடிப்பு தீர்ந்துபோயிருந்தால் முன்னணி 5 சதவீதமும் அல்லவா நின்றிருக்க வேண்டும்?

நிலத்திலும் இதுவே. 2015-16 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர். நாலு வேலி பதினெட்டு மாவானதை வெண்ணாறு அண்ணனே சொன்னார். குத்தகைக்காரர் பலருக்கு எழுத்தில் எதுவும் இல்லை, அதனால் கடனும் இல்லை, காப்பீடும் இல்லை. அப்படிப்பட்டவர் எந்த தைரியத்தில் புது மிஷினில் பணம் போடுவார்?


குடமுருட்டி

அந்த 5 சதவீதக் கணக்கு என் வாதத்தை இடிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். முழுசாக இல்லை. 1995 முதல் 2004 வரை வந்த வேகம் ஏன் பத்தே ஆண்டில் அடங்கியது, 1947க்குப் பின் வந்த வேகம் ஏன் கால் நூற்றாண்டு நீடித்தது என்பதற்குப் பரவல் மட்டும் பதில் ஆகாது. மின்சாரமும் எஞ்சினும் ஆழமான மாற்றங்கள், அதனால் நீடித்தன என்பதை நான் விடமாட்டேன். ஆனால் வயலில் மிச்சமானதை ரோடு விழுங்கியது என்பதையும், மிச்சமான கைகள் பதினான்காவது ஆட்டோவாக நிற்பதையும் இனி என் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.


வெட்டாறு

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் மாற்றிவிடும் என்று எழுத வந்தேன். பாமணி அக்காவின் வார்டை நினைத்துப் பார்த்தேன். அட்டை, கம்ப்யூட்டர், போன், நாலாவதாக அதுவும் ஒன்று என்று ஆகிவிட்டால்? அட்டையை எடுக்க ஒருவர் முடிவு செய்யாதவரை எந்தப் புதுக் கருவியும் கூடுதல் வேலைதான் போல. இதை நான் இன்னும் யோசிக்க வேண்டும்.


வெண்ணாறு

சார், ஒரு யோசனை. வாயால பேசுனது போதும், எழுதிப் பாத்துடுவோம். வர்ற சம்பாவுல ஒரே ஒரு ஏக்கர். நாத்து விட்ட நாள்லேர்ந்து பணம் வங்கியில ஏறுற நாள் வரைக்கும் யார் யார் எத்தனை மணி நேரம்னு ஒரு நோட்டுல எழுதுறேன். உழைச்ச நேரம் ஒரு பக்கம், காத்துக் கிடந்த நேரம் ஒரு பக்கம். பக்கத்து ஊர்ல ரெண்டு பேர் சேந்துக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. உங்க பிள்ளைங்க வந்து கூட்டிப் பாத்துச் சொல்லட்டும்.


அரசலாறு

கண்டிப்பாக ஐயா. கேள்வி கேட்ட அந்த மாணவியையே அனுப்புகிறேன். அவள் ஊர் வலங்கைமான் பக்கம்தான்.


பாமணி

அண்ணே, நெல்லைக் காலால் கிளறிய அண்ணியின் மணி நேரத்தையும் எழுதுங்கள். ராத்திரிக் காவலுக்கு உங்களுக்குச் சோறு கொண்டுவந்த நேரத்தையும் சேர்த்து.


வெண்ணாறு

எழுதுறேன்மா. நோட்டை அவ கையிலயே குடுத்துடுறேன்.